எழுபது வளைவுகளும் ஒரு சின்னக் காரும்

மோட்டார் காரைப் பற்றி நம்மவர்களிடையே இரண்டு அபிப்பிராயங்கள் உலவுகின்றன. தெருவில் போனால் நாலு பேர் திரும்பிப் பார்க்கவேண்டும், அதற்குத்தான் கார் என்பார் ஒரு கட்சியார். மழையில் நனையாமல், வெயிலில் வாடாமல் நாலு பேர் ஊர் போய்ச் சேர்ந்தால் போதும், அதற்கு எவ்வளவு சின்னக் காரானால் என்ன என்பார் மற்றொரு கட்சியார். முதற் கட்சி அளவைப் பார்க்கிறது. இரண்டாவது கட்சி விலையைப் பார்க்கிறது. காருக்குள் உட்காரும் உயிர்களின் க்ஷேமத்தைப் பற்றி இரு கட்சியாரும் கடைசியில்தான் விசாரிக்கிறார்கள். அந்த விசாரணையைச் சற்று முன்னால் கொண்டுவருவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இந்த விஷயத்தைச் சோதித்துப் பார்ப்பதற்குக் கொல்லிமலையைவிடத் தகுந்த இடம் தமிழ்நாட்டில் அதிகம் இராது. கடையெழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட மலை இது. மலைமேல் உள்ள ஊராட்சிகளுக்கெல்லாம் இன்றும் ‘நாடு’ என்றே பெயர்: வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, சேலூர் நாடு, தேவனூர் நாடு என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகலாம். அவற்றில் ஒன்று திண்ணனூர் நாடு. மிளகும் காப்பியும், பலாவும் அன்னாசியும், சாமையும் மரவள்ளியும் விளையும் பூமி. விளைந்ததை விற்க வேண்டுமானாலும், பெரிய வைத்தியம் பார்த்துக்கொள்ள வேண்டுமானாலும், பையனைக் கல்லூரியில் சேர்க்க வேண்டுமானாலும் மலையைவிட்டு இறங்கித்தான் ஆகவேண்டும். அடிவாரத்தில் காரவள்ளியிலிருந்து மேலே வரும் பாதையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஏறும் உயரம் ஏறக்குறைய ஆயிரம் மீட்டர்.

கொல்லிப் பாவை என்ற அழகிய பதுமை ஒன்று இம்மலையில் இருந்ததாகவும், அது சிரித்தே பகைவரைக் கொன்றதாகவும் சங்க காலத்திலிருந்து ஒரு கதை வழங்கி வருகிறது. மலைப் பாதையும் ஏறத்தாழ அந்தப் பாவையின் சுபாவம் கொண்டதுதான். இருபுறமும் பசுமை சிரிக்கும். அந்தச் சிரிப்பில் மயங்கியவருக்கு அடுத்த வளைவு காத்திருக்கும்.

ஸ்கூட்டரில் ஒரு குடும்பம்

சின்னக் காரை நிறுக்க முற்படும்போது தராசின் மறுதட்டில் எதை வைப்பது என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். சென்னையில் வசிப்பவர் பெரிய காரை வைப்பார். திண்ணனூர் நாட்டுக் குடியானவருக்கோ, சிறு சம்பளக்காரருக்கோ அந்தத் தட்டில் இருப்பது மோட்டார் சைக்கிள். அப்பா ஓட்ட, முன்னால் ஒரு குழந்தை, பின்னால் அம்மா, அவள் மடியில் இன்னொரு குழந்தை என்று பிரயாணம் செய்யும் குடும்பத்தைக் காணாத சாலை நம் தேசத்தில் உண்டா?

இந்தக் காட்சியின் விலை என்ன என்பதை மத்திய சர்க்காரின் கணக்கே சொல்கிறது. 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் சாலை விபத்துக்களில் மாண்டவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 74,897 பேர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். அதாவது நூற்றுக்கு நாற்பத்து நாலு பேருக்கு மேல். அதே ஆண்டில் விபத்துக்களின் எண்ணிக்கையில் எல்லா மாநிலங்களுக்கும் முதலாவதாக நின்றது நமது தமிழ்நாடு. 64,105 விபத்துக்கள் நடந்தன. 17,884 பேர் உயிரிழந்தார்கள். பெருமைப்படத்தக்க முதலிடம் அல்ல.

மோட்டார் சைக்கிளில் ஓட்டுபவருக்குப் பின்னால் ஒருவர்தான் உட்காரலாம் என்பது சட்டம். நாலு வயதுக்குட்பட்ட குழந்தையை ஏற்றிச் சென்றால் அதை ஓட்டுபவரோடு சேர்த்துப் பிணைக்கும் பட்டையும், குழந்தையின் தலைக்குக் கவசமும் வேண்டும், வேகம் நாற்பது கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது என்று 2022-இல் விதி வகுத்தார்கள். விதி இருக்கிறது, பட்டையைத்தான் கடைகளில் தேடவேண்டியிருக்கிறது. மலைமேல் திடீரென்று மூடுபனி இறங்கும்போதும், மழையில் வளைவெல்லாம் சேறும் சருகுமாய் வழுக்கும்போதும் இரண்டு சக்கரத்தின்மேல் நாலு உயிர் போவதைக் காட்டிலும், நாலு சக்கரத்தின்மேல் போவது மேல் என்பதற்கு நிரூபணம் வேண்டியதில்லை. வழுக்கினாலும் கார் சாய்ந்துவிடாது. சிறு தவறு நேர்ந்தால் தகரம் நசுங்கும். தலை தரையில் மோதாது.

கோவையிலிருந்து சிங்கூர் வரை

சாமான்யருக்கு ஒரு சின்னக் கார் வேண்டும் என்ற எண்ணம் நம் தேசத்தில் புதிதன்று. நம் கோயமுத்தூர் ஜி. டி. நாயுடு 1952-இலேயே இரண்டு பேர் அமரக்கூடிய பெட்ரோல் கார் ஒன்றைச் செய்து காட்டினார். விலை இரண்டாயிரம் ரூபாய். ஆனால் அதைப் பெருவாரியாக உற்பத்தி செய்வதற்குச் சர்க்காரிடமிருந்து லைசென்ஸ் கிடைக்கவில்லை; அந்த முயற்சி அத்துடன் நின்றது. அந்நியர் ஆட்சி போய் ஐந்தே வருஷங்களில் ஒரு சுதேசி மேதையின் கை கட்டப்பட்ட கதை இது.

அந்தக் காலத்தில் வெளிநாடுகளும் சின்னக் கார்களில் கருத்தைச் செலுத்தின. ஜப்பான் 1949-இலேயே ‘கேய்’ என்னும் சின்ன வாகனங்களுக்கென்று தனி இலக்கணம் வகுத்தது. இத்தாலியில் 1957-இல் ஃபியட் 500 பிறந்தது. சூயஸ் நெருக்கடியால் பெட்ரோல் அருமையானதும், இங்கிலாந்தில் அலெக் இஸிகோனிஸ் வகுத்த மினி 1959-இல் வெளிவந்தது. நமக்கோ 1983 டிசம்பர் வரை பொறுத்திருக்கும்படி ஆயிற்று. அம்மாதம் முதல் மாருதி 800 காரின் சாவியைப் பிரதம மந்திரி இந்திரா காந்தி வழங்கினார். முப்பது ஆண்டுகள் ஓடிய பின், 2014 ஜனவரியில் அதன் உற்பத்தி முடிவுற்றது. மலைக்கிராமங்களில் அதன் பழைய பிரதிகளை இன்றும் காணலாம்.

பிறகு வந்தது டாடாவின் நானோ. மழையில் ஸ்கூட்டரில் நனைந்துகொண்டு போன ஒரு குடும்பத்தைக் கண்டதே இந்தக் காருக்கு வித்து என்று ரத்தன் டாடா சொல்லியிருக்கிறார். 2008 ஜனவரி 10-ஆம் தேதி டில்லி கண்காட்சியில் அதை லட்ச ரூபாய்க் கார் என்று அறிமுகம் செய்தார்கள். வங்காளத்தில் சிங்கூரில் நிலத்தைப் பற்றி எழுந்த கிளர்ச்சியினால் தொழிற்சாலை குஜராத்தின் சானந்துக்குக் குடிபெயர்ந்தது. ஆண்டுக்கு இரண்டரை லட்சம் கார்கள் செய்யக்கூடிய ஆலை. எந்த ஓராண்டிலும் எண்பதாயிரம்கூட விற்கவில்லை. சில கார்கள் தீப்பற்றிய செய்தி ஜனங்களை மிரட்டியது. ‘மிக மலிவான கார்’ என்ற விளம்பரம் அதைவிடப் பெரிய தீயாகிவிட்டது. கார் வாங்குகிறவன் தன்னை ஏழை என்று ஊருக்குத் தண்டோராப் போட்டுக்கொள்ள விரும்புவானா? சில ஆண்டுகளில் நானோவும் மறைந்தது.

மோதிப் பார்த்த கதை

நானோவின் ஞாபகம் இனிமையானதுதான். ஆனால் சுதேசி என்பதற்காகக் குறையை மறைப்பது தேசபக்தி ஆகாது. 2014 ஜனவரியில் ‘குளோபல் என்கேப்’ என்ற சர்வதேச ஸ்தாபனத்தார் இந்தியாவில் விற்கப்பட்ட ஐந்து சின்னக் கார்களை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டுச் சோதித்தார்கள். நானோ, ஆல்ட்டோ 800, ஹூண்டாய் ஐ10, ஃபோர்டு ஃபிகோ, வோக்ஸ்வாகன் போலோ என்ற ஐந்துமே, காற்றுப்பை இல்லாத நிலையில், பெரியவர்களின் பாதுகாப்பில் ஒரு நட்சத்திரம்கூடப் பெறவில்லை.

ஆனால் அந்த ஐந்து பூஜ்யங்களும் ஒரே மதிப்புள்ள பூஜ்யங்கள் அல்ல. போலோவின் கூடு குலையாமல் நின்றது. அதே காரில் இரண்டு காற்றுப்பைகளை வைத்து மறுபடி மோதவிட்டபோது நாலு நட்சத்திரம் கிடைத்தது. நானோவின் கூடோ குலைந்துவிட்டது. கூடே நொறுங்கும் காரில் காற்றுப்பையை வைப்பது, சுவர் இடியும் வீட்டில் மெத்தை விரிப்பது போலத்தான்.

அப்படியானால் சின்னக் கார் என்றாலே அபாயமா? ‘ஆம்’ என்றும் ‘இல்லை’ என்றும் இரண்டு பதில்கள் உண்டு. இரண்டையும் பௌதிக சாஸ்திரம் தருகிறது.

அறுநூறு கிலோ எடையுள்ள சின்னக் கார் ஒன்றும், ஆயிரத்து இருநூறு கிலோ எடையுள்ள பெரிய கார் ஒன்றும், மணிக்கு ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் எதிரும் புதிருமாக மோதி ஒன்றாகச் சிக்கிக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். மோதியபின் இரண்டும் பெரிய கார் போன திசையில் சுமார் 17 கிலோமீட்டர் வேகத்தில் நகரும். ஆகவே பெரிய காரின் வேகம் ஒரு நொடிக்குள் 33 கிலோமீட்டர் மாறுகிறது. சின்னக் காரின் வேகமோ ஐம்பது முன்னோக்கி என்பதிலிருந்து பதினேழு பின்னோக்கி என்று, மொத்தம் 67 கிலோமீட்டர் மாறுகிறது. எலும்பை முறிப்பது இந்த மாற்றம்தான். பன்னிரண்டு டன் லாரி எதிரே வந்தாலோ சின்னக் காருக்கு 95, லாரிக்கு 5. இது நியூட்டன் விதித்தது. எந்தக் கம்பெனியின் விளம்பரமும் இதை மாற்றாது.

அமெரிக்காவில் 2009-இல் இதைப் பிரத்தியட்சமாகவே செய்து பார்த்தார்கள். அங்குள்ள காப்பீட்டு நிறுவனங்களின் பாதுகாப்புக் கழகத்தார், தனியாகத் தடுப்பில் மோதியபோது நல்ல பெயர் வாங்கிய மூன்று சின்னக் கார்களை, அவற்றைச் செய்த கம்பெனிகளின் நடுத்தரக் கார்களோடு மோதவிட்டார்கள். மூன்று சின்னக் கார்களும் தோற்றன. எனவே நட்சத்திரங்களைப் பார்க்கும்போது ஒன்றை ஞாபகம் வைக்கவேண்டும்: அவை ஏறத்தாழ தன் எடையுள்ள எதிரியோடு மோதியதற்குச் சமமான சோதனையில் பெற்ற மார்க்குகள், லாரிக்கு எதிராகப் பெற்றவை அல்ல.

இது ‘ஆம்’ என்னும் பதில். இனி ‘இல்லை’ என்பதையும் கேட்கவேண்டும். எடை கைகொடுக்காத இடத்தில் அமைப்பு பெருமளவு கைகொடுக்கிறது. நாலு மீட்டருக்கு உட்பட்ட நம் நாட்டுக் கார்களே இதற்குச் சாட்சி. டாடா நெக்ஸான் 2018-இலும், டாடா பஞ்ச் 2021-இலும் ஐந்து நட்சத்திரம் பெற்றன. 2014-இல் பூஜ்யம் வாங்கிய தேசம் நாலே வருஷத்தில் முதல் ஐந்தை வாங்கியது. 2017 முதல் புதிய மாதிரிகளுக்கு மோதல் சோதனை கட்டாயமாயிற்று. 2019-இல் ஓட்டுபவருக்குக் காற்றுப்பையும், சக்கரம் பூட்டிக்கொள்ளாத பிரேக்கும் கட்டாயமாயின. 2023 ஆகஸ்டில் ‘பாரத் என்கேப்’ என்று நமக்கே ஒரு சோதனை முறை அமைந்தது. அந்நிய ஸ்தாபனத்தின் கண்டிப்பு முதலில் கசந்தது. ஆனால் அந்தக் கசப்பு மருந்தாகவே வேலை செய்தது.

மலைப்பாதையின் தனிக் கணக்கு

நெடுஞ்சாலைக் கணக்கு அப்படியே மலைக்குப் பொருந்தாது. எழுபது வளைவுகளிலும் யாரும் அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போவதில்லை. போனால் எழுபதாவது வளைவைப் பார்ப்பதில்லை. இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில் மோதலின் உக்கிரம் வெகுவாகக் குறைந்துவிடும். மலையில் பயப்படவேண்டியவை வேறு: பிரேக் தளர்வது, விளிம்பைத் தாண்டுவது, வளைவில் எதிரே பஸ் வருவது.

இவற்றில் கடைசி விஷயத்தில் சின்னக் கார் ராஜாதான். நானோவின் அகலம் ஒன்றரை மீட்டர். நீளம் சுமார் மூன்று மீட்டர். நாலு மீட்டர் ஆரத்தில் திரும்பிவிடும். பெரிய கார் ஒருதரம் பின்வாங்கித் திருப்பும் வளைவை இது ஒரே வீச்சில் திரும்பும். பஸ்ஸுக்கு ஒதுங்கி நிற்க இதற்கு இடம் கிடைக்கும். குறுகலான மலைப்பாதையில் மேலே ஏறும் வண்டிக்கே முதல் வழி என்பது விதி. இறங்குகிற சின்னக் கார் சுலபமாக ஒதுங்கிக் கொடுத்துவிடலாம்.

ஏற்றத்தில்தான் அதற்கு மூச்சு வாங்கும். நானோவின் 624 ஸி.ஸி. என்ஜினுக்குச் சுமார் 38 குதிரைச் சக்தி. மலை உச்சியில் காற்றின் அடர்த்தி குறைவதால் அதிலும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு போய்விடும். பெரியவர்கள் நாலு பேரும் ஒரு மூட்டை மிளகும் ஏறினால் சுமை முந்நூறு கிலோ. அதாவது காரின் சொந்த எடையில் பாதி! சமதரையில் தெரியாத இந்தப் பாரம், முதல் கியரில் வளைவு ஏறும்போது தெரியும். பலாப்பழத்தையும் அன்னாசியையும் சின்னக் காரில் அடைக்காமல், சரக்கு வண்டியில் அனுப்புவதே விவேகம்.

இறக்கம் இதைவிட முக்கியமானது. ஆட்களோடு தொள்ளாயிரம் கிலோ எடையுள்ள ஒரு கார் ஆயிரம் மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் சக்தி, முப்பது லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. ஒரு பெரிய அண்டா வெந்நீர்! பிரேக்கை மட்டும் நம்பி இறங்குகிறவர் அந்த உஷ்ணத்தில் பெரும்பகுதியைச் சிறிய பிரேக்குகளுக்குள் இறக்குகிறார். நானோவின் நாலு சக்கரங்களிலும் இருந்தவை டிரம் பிரேக்குகள். மூடிய பாத்திரம் போன்றவையாதலால் உஷ்ணம் சீக்கிரம் வெளியேறாது. சூடேறிய பிரேக் பிடிப்பை இழக்கும். ஆகையால் ஏறின கியரிலேயே இறங்கவேண்டும். என்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும்படி விடவேண்டும். பெட்ரோலை மிச்சம் பிடிப்பதாக நினைத்து என்ஜினை நிறுத்திவிட்டு, அல்லது கியரை நழுவவிட்டு இறங்குவது, நாலணா மிச்சத்துக்கு நாலு உயிரைப் பணயம் வைப்பதாகும்.

இப்போது மின்சாரத்தில் ஓடும் சின்னக் கார்களும் வந்துவிட்டன. 2023-இல் வெளிவந்த எம்ஜி காமெட் மூன்று மீட்டர் நீளம்கூட இல்லை. இறக்கத்தில் இவை வீணாகும் சக்தியில் ஒரு பகுதியை மின்கலத்துக்குத் திருப்பிக்கொள்கின்றன. பிரேக்குக்கும் வேலை குறைகிறது. மேலே மின்கலத்தை முழுக்க நிரப்பிக்கொண்டு உடனே இறங்கினால் மட்டும், திரும்பி வரும் மின்சாரத்தைச் சேர்க்க இடம் இராது. ஆகவே மலைமேல் சற்றுக் குறைவாகவே நிரப்பி இறங்குவது நல்லது.

வாங்குமுன் கேட்கவேண்டியவை

மலையில் விற்பனைக்கு வரும் சின்னக் கார்களில் பல பழைய கார்கள். வண்ணம் மினுமினுப்பதைக் கண்டு முன்பணம் கொடுத்துவிடக்கூடாது. பதினைந்து வயதான காருக்குப் பதிவைப் புதுப்பித்தாக வேண்டும். அதற்கு வண்டி தகுதியாக இருக்கவேண்டும். 2009-இல் வாங்கிய நானோக்கள் அந்த வயதைக் கடந்துவிட்டன. டயரின் வயதைப் பாருங்கள். பிரேக் எண்ணெயை எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள். பழகிய மெக்கானிக் ஒருவரை அழைத்துச் சென்று கீழ்த்தகடு துருப்பிடித்திருக்கிறதா என்று குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். பின் இருக்கையில் பெல்ட் இருக்கிறதா, இருந்தால் அது இழுத்தால் வருகிறதா என்று சோதியுங்கள்.

பெல்ட் விஷயத்தில் சின்னக் கார்க்காரர், பெரிய கார்க்காரர் என்ற பேதம் இல்லை. 2022 செப்டம்பரில் சைரஸ் மிஸ்திரி மாண்ட விபத்து வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். விலையுயர்ந்த பெரிய கார்தான். பின் இருக்கையில் இருந்த அவர் பெல்ட் அணிந்திருக்கவில்லை என்று போலீஸார் தெரிவித்தார்கள். அந்த ஆண்டில் பெல்ட் அணியாமல் இறந்தவர்கள் 16,715 பேர் என்கிறது சர்க்கார் கணக்கு. மூன்று முனைப் பெல்ட்டை 1959-இல் ஸ்வீடனின் வோல்வோ கம்பெனிக்காக நில்ஸ் போஹ்லின் உருவாக்கினார். எல்லாக் கம்பெனிகளும் பயன்படுத்தலாம் என்று அதைத் திறந்துவிட்டார்கள். உலகத்துக்கே தானமாக வந்த பொருளை நாம் இருக்கையின் இடுக்கில் சொருகி வைத்திருக்கிறோம்.

ஆகவே முடிவு இதுதான். மலைமேல், மெதுவான வேகத்தில், நாலு பேர் கொண்ட குடும்பத்துக்கு, நல்ல நிலையிலுள்ள சின்னக் கார் மோட்டார் சைக்கிளைவிட எவ்வளவோ மேல். ஆனால் காரவள்ளியில் இறங்கி, சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் போகும் பெரும் சாலையில் லாரிகளோடு ஓடும்போது, அதே கார் மிகவும் எளிய பிராணி. அங்கே வேகத்தைக் குறைப்பதும், இடப்புறமாகவே போவதும், இரவுப் பிரயாணத்தைத் தவிர்ப்பதும்தான் அதற்குக் கவசம். கூடு நொறுங்காதது, காற்றுப்பை உள்ளது என்று சோதனையில் தேறிய காரை வாங்க இன்னும் இரண்டு வருஷம் சேமிக்க வேண்டுமானால், சேமிக்கலாம்.

அந்த இரண்டு வருஷமும், அதற்குப் பிறகும், திண்ணனூர் நாட்டுக்கு மிகப் பத்திரமான வாகனம் பஸ்தான் என்பதையும் சொல்லவேண்டும். பஸ் வேளைக்கு வராத ஊரில்தான் ஒரு குடும்பம் நாலு பேராக மோட்டார் சைக்கிளில் ஏறுகிறது. வளைவுகளில் உறுதியான தடுப்புச் சுவர், எதிரே வருவதைக் காட்டும் குவிந்த கண்ணாடி, காலையும் மாலையும் தவறாத பஸ், இவற்றை நாம் கேட்டுப் பெறவேண்டும். கிராம சபை கூடும்போது இந்த மூன்றையும் ஒரு மனுவாக எழுதிக் கொடுப்பதற்குக் கார் வைத்திருக்க வேண்டிய அவசியமில்லை. எழுதப் படிக்கத் தெரிந்தவர் வீட்டுக்கு ஒருவர் இருந்தால் போதும்.